கூடை இல்லாமல் எங்களை வரையத் தெரியாதா?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. லைக் போட்டுவிட்டுக் கடந்து போகாமல், தேத்தண்ணி குடிக்கிற நேரத்திலாவது முழுதாக வாசியுங்கள். வாசித்துவிட்டு என்னோடு சண்டை பிடித்தாலும் பரவாயில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர் வாங்கினேன். உள்ளே மலையகத்தைப் பற்றி ஒரு கட்டுரை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவு எட்டாக்கனியாக இருப்பதைப் பற்றி யாரோ நன்றாகவே எழுதியிருந்தார். ஆய்வுகூடம் இல்லை, ஆசிரியர் இல்லை, பிள்ளை வீட்டை விட்டுத் தூரத்தில் தங்கிப் படிக்க வேண்டும், இப்படி நியாயமான விஷயங்கள். மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு படம். என்ன படம் என்று நினைக்கிறீர்கள்? முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கும் ஒரு பெண், சிரித்தபடி.

விஞ்ஞான ஆசிரியர் இல்லாததற்கும் அந்தச் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு வீட்டில் கிடந்த பழைய பேப்பர்களைப் புரட்டினேன். சம்பளப் பிரச்சினை: கூடைப் பெண். மண்சரிவு: கூடைப் பெண். காணி உரிமை: கூடைப் பெண். போஷாக்கின்மை: கூடைப் பெண், பக்கத்தில் ஒரு குழந்தை. தேர்தல்: கூடைப் பெண், பின்னால் ஒரு கட்சிக் கொடி. தலைப்பை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால் எந்தக் கட்டுரைக்கு எது என்று அந்த ஆசிரியர் பீடத்துக்கே சொல்லத் தெரியாது.

இதோடு நிற்கவில்லை. நான் றொசல்லயில் பிறந்து வளர்ந்த ஒரு முஸ்லிம் பெண். எனக்கு இரண்டு படங்கள் உண்டு. மலையகத்தைப் பற்றி எழுதினால் கூடைப் பெண். முஸ்லிம்களைப் பற்றி எழுதினால், பின்பக்கமாக நடந்து போகும் ஒரு கறுப்பு அபாயா. முஸ்லிம் திருமணச் சட்டம் என்றாலும் அதுதான், வியாபாரம் என்றாலும் அதுதான், நோன்புக் காலத்துச் சாப்பாட்டு விலை என்றாலும் அதுதான். முகம் இல்லாத ஒரு கறுப்புத் துணி, எங்கோ போய்க்கொண்டிருக்கும். எங்கே போகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. நான் சொல்கிறேன். அவள் பாடசாலைக்குப் போகிறாள், எட்டு மணிக்கு அவளுக்கு முதலாம் பாடவேளை இருக்கிறது.

இந்தப் பதிவு படங்களைப் பற்றியது. படம் என்றால் சும்மா அழகுக்கு வைக்கும் படம் அல்ல. ஒரு கட்டுரையின் கருத்தை ஒரே பார்வையில் சொல்லும் படம். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இதற்கென்றே ஓவியர்கள் இருக்கிறார்கள். அது ஒரு தொழில். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தொழில் கைவரும் என்பது என் கட்சி. நம் பத்திரிகைகள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதும் என் கட்சி.

இது நமக்குப் புதிதா?

இல்லை. நம் மொழியில் இதற்கு ஒரு நல்ல சொல்லே இருக்கிறது: கருத்துப்படம். கேலிச்சித்திரம் என்றால் சிரிப்பு முன்னால் வரும். கருத்துப்படம் என்றால் கருத்து முன்னால் வரும். சொல்லிலேயே வேலை என்ன என்று எழுதியிருக்கிறது.

பாரதியாரை நாம் கவிஞராக மட்டும் படிப்பிக்கிறோம். அவர் பத்திரிகைக்காரரும்தான். 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் கருத்துப்படங்களை வெளியிட்டார். அன்றைய ஆங்கிலேய ஆட்சியை ஒரு தலையங்கத்தில் அடித்தார் என்றால், அதே அடியைப் பக்கத்தில் ஒரு படத்திலும் அடித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அந்த அடியின் சத்தம் கேட்டது. தமிழ் இதழியலில் கருத்துப்படத்துக்கு வழி திறந்தவர் அவர் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பிறகு ஆனந்த விகடனில் மாலி வந்தார், கோபுலு வந்தார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்த படங்களைப் பார்த்தவர்கள், பின்னால் சினிமா வந்தபோதும் மனதுக்குள் கோபுலுவின் முகங்களைத்தான் வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். ஒரு சொல்கூட இல்லாமல் சிரிக்க வைக்கும் படங்களும் அவர் வரைந்தார். அவருக்குப் பிறகு ஆதிமூலம். 1938இல் பிறந்து 2008இல் காலமானவர். சிறுபத்திரிகைகளுக்கும் வார இதழ்களுக்கும் அவர் வரைந்த கோட்டோவியங்கள் கதையில் வரும் காட்சியை அப்படியே திரும்ப வரைந்தவை அல்ல. கதை படித்தவன் மனதில் எஞ்சி நிற்பதை வரைந்தவை.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். 'சிரித்திரன்' சிவஞானசுந்தரம். 1960களில் கொழும்பில் அந்தச் சஞ்சிகையைத் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய், அவ்வளவு கஷ்ட காலத்திலும் நடத்தினார். சவாரித் தம்பர், மைனர் மச்சான் என்று அவர் வரைந்த ஆட்கள் ஊரில் நடமாடும் ஆட்களைவிடப் பிரபலம். என் வாப்பா றொசல்லயில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். சாமான் சுற்ற பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். கருவாட்டைச் சுற்றுவதற்கு முன்னால் படம் இருக்கும் பக்கங்களை நான் உருவி எடுத்துவிடுவேன். அப்படி ஒரு நாள் கிழிந்த சிரித்திரன் பக்கம் ஒன்று கையில் கிடைத்தது. படத்தில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வாப்பா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தும்படி கேட்டேன். அதற்கு அவருக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அரை மணித்தியாலம் கதைக்க வேண்டிய விஷயம் உள்ளங்கை அளவு படத்தில் இருந்தது. எனக்கு அது அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

முகம் இல்லாமலும் பேசலாம்

இதை எழுதும்போது நம் ஆட்களில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "டீச்சர், உயிருள்ளவற்றை வரையலாமா?" ஒரு தாய் என்னிடம் நேரடியாகவே கேட்டார். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் இல்லை, அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்ல முடியும். நல்ல கருத்துப்படங்களில் பாதிக்கு மேல் முகமே தேவைப்படாது. ஒரு கதிரை போதும், ஒரு குடை போதும், ஒரு பூட்டு போதும்.

2020 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொவிட்டில் மௌத்தான நம் ஜனாஸாக்களை எரித்த காலம். பிறந்து 20 நாட்களே ஆன ஒரு பிள்ளையும் எரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பொரளை மயானத்தின் வேலியில் ஆட்கள் போய் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டும் இல்லை, எல்லாச் சமூகத்தவரும் கட்டினார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஒரு முழத் துணி. அது கபன் என்று எல்லோருக்கும் விளங்கியது. அந்தத் துணிகளை இரவோடு இரவாக அகற்றியும்விட்டார்கள். ஒரு துண்டு வெள்ளைத் துணிக்கு அவ்வளவு பலம் இருந்தபடியால்தானே அகற்றினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, ஓட்டமாவடியில் அடக்கினோம். 2024இல் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. அந்தக் காலத்தைப் பற்றி எத்தனை கட்டுரை வந்தது, ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. வேலியில் ஆடிய அந்தத் துணி கண்ணிலேயே நிற்கிறது.

இன்னொரு உதாரணம் பலஸ்தீனத்தின் நாஜி அல் அலி. 1948இல் சிறுவனாக ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, லெபனானில் அகதி முகாமில் வளர்ந்தவர். அதே 1948இல்தான் இங்கே நம் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டமும் வந்தது. அவர் ஹன்தலா என்று ஒரு பத்து வயதுப் பையனை வரைந்தார். செருப்பில்லாத கால், ஒட்டுப் போட்ட உடுப்பு. 1973க்குப் பிறகு அந்தப் பையன் உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். முகத்தைக் காட்டவே இல்லை. ஊர் திரும்பிய பிறகுதான் அவன் வளர்வான் என்று வரைந்தவர் சொன்னார். 1987இல் லண்டனில் வைத்து அவரைச் சுட்டார்கள். பையன் இன்னும் பத்து வயதில் நிற்கிறான்.

நம் நாட்டிலும் படம் வரைவது விளையாட்டு இல்லை. பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமல் போனார். இன்று வரை வரவில்லை.

முதுகு காட்டி நடக்கும் அந்த அபாயாப் படத்துக்கும், முதுகு காட்டி நிற்கும் ஹன்தலாவுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டிலும் முகம் இல்லை. ஒன்றில், முகம் இல்லை என்பதால் நீங்கள் பயப்படுகிறீர்கள். மற்றதில், முகம் இல்லை என்பதால் நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். வித்தியாசம் யோசித்தவனின் கையில் இருக்கிறது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு சில மாதங்கள் நான் பாடசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். என் பக்கத்து சீட் மட்டும் வெறுமையாக இருக்கும். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் முஸ்லிம்களைப் பற்றி வந்த கட்டுரைகளுக்கு நான் படம் போடுவதாக இருந்தால், நிரம்பி வழியும் ஒரு பஸ்ஸையும் அதில் ஒரே ஒரு வெறும் சீட்டையும் வரைவேன். அபாயாவே தேவையில்லை.

வகுப்பில் நடந்தது

நான் சித்திர ஆசிரியை இல்லை. தமிழ்தான் என் பாடம். பத்தனையில் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி எடுத்தபோது கரும்பலகையில் படம் போட்டு விளங்கப்படுத்தப் பழகியது மட்டும்தான் எனக்குத் தெரிந்த சித்திரம். ஆனால் எங்கள் பாடசாலையில் பல மாதமாகச் சித்திரத்துக்கு ஆள் இல்லாததால் அந்தப் பாடவேளை அடிக்கடி என் தலையில் விழும். பிள்ளைகள் பரீட்சைக்காகச் சந்தை, திருவிழா, பேருந்து நிலையம் என்று வரைந்து பழகியிருக்கிறார்கள். நிறம் தீட்டுவதில் கெட்டிக்காரர்கள். கண்ணால் பார்த்ததை வரைவார்கள்.

ஒரு நாள் 10ஆம் வகுப்பில் ஒரு பேப்பர் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். தோட்டத்துச் சம்பளம் பற்றியது. ஆயிரம் ரூபா என்று எத்தனை வருடம் கதைத்து, கடைசியில் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த கதை உங்களுக்குத் தெரியும். "இதற்கு ஒரு படம் போடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கூடை வரையக்கூடாது, கொழுந்து பறிக்கிற ஆள் வரையக்கூடாது" என்றேன்.

பத்து நிமிடம் வகுப்பே பேனையைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

ஒரு பிள்ளை ஒரு சம்பளத் துண்டை வரைந்திருந்தாள். அதில் கழிவு எழுதும் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டை. வரவு எழுதும் இடத்தில் ஒரு கால். மழை நாளில் தேயிலைக்குள் இறங்கிய எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

இன்னொருவன் ஒரு தராசு வரைந்திருந்தான். ஒரு தட்டில் கொழுந்து, மறு தட்டில் ஆள் இல்லை, ஒரு விரல் மட்டும் அமுக்கிக்கொண்டிருக்கிறது. யாருடைய விரல் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருத்தி சம்பளத்துக்கு வரையவில்லை, தனக்குப் பிடித்த ஒன்றை வரைந்தாள். ஒரு கடித உறை. முத்திரை ஒட்டும் இடத்தில் லயத்துக் கதவு. முகவரி எழுதும் மூன்று கோடுகளிலும் "தோட்டம், தோட்டம், தோட்டம்" என்று எழுதியிருந்தது. லயத்தில் இருக்கிற நம் குடும்பங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்ச் சேர்ந்து, நேர்முகத் தேர்வுக் கடிதம்கூடப் பிந்திக் கையில் கிடைத்த கதைகள் ஊரில் எத்தனை! அதை எத்தனை பேர் எத்தனை பக்கத்தில் எழுதினார்கள்! பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு கடித உறையில் முடித்துவிட்டாள்.

நான் சந்தோஷத்தில் இருந்தேன். அப்போது பின் வாங்கில் இருந்த ஒருவன் கொப்பியை மூடி வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தேன். வழக்கமாக நன்றாக வரையும் பையன்.

"ஏன் வரையல்ல?"

"கூடை வரைய வேணாம்னு சொல்லிட்டீங்களே டீச்சர்."

"அதைத் தவிர வேற எவ்வளவோ இருக்குதானே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "எங்கம்மா கூடை தூக்கித்தான் டீச்சர் என்னைப் படிக்க வைக்கிறாங்க. அது வெட்கமா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்குப் பதில் வரவில்லை. கூடைக்கு எதிராக நான் பேசிய பேச்சில் அந்தத் தாயையும் சேர்த்து அழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. என்னைச் சலிப்பூட்டியது சோம்பேறித்தனமாக எடுத்து ஒட்டப்பட்ட ஒரு படம். அவனுக்கு அது அம்மாவின் முதுகு.

"பிழை என்னுடையது. நீ கூடையை வரை. ஆனால் அந்தக் கூடை ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

அடுத்த நாள் கொண்டுவந்தான். ஒரு கூடை. அதன் கயிறு ஒரு தலையைச் சுற்றி வருகிறது. தலை பாதிதான் தெரிகிறது, முகம் இல்லை. கயிறு அங்கேயே முடியாமல் கீழே இறங்கி, இறங்கி, நேராகி, பிரிந்து, ஒரு கொப்பியின் கோடுகளாகிறது. அந்தக் கோட்டில் ஒரு சின்னக் கை எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்த விஞ்ஞானப் பிரிவுக் கட்டுரைக்குப் போட்டிருக்க வேண்டிய படம் இதுதான். அந்தக் கட்டுரைக்கு வேலை செய்யும் கூடை இது.

ஆகவே என் கருத்தை நானே திருத்திக்கொள்கிறேன். கூடை எங்களுக்கு எதிரி இல்லை. யோசிக்காமல் போடும் கூடைதான் எதிரி. சிரிக்கும் கூடைப் பெண் உல்லாசப் பயண விளம்பரம். அழும் கூடைப் பெண் தர்மம் கேட்கும் அட்டை. முதலாவதைப் பார்ப்பவன் "எவ்வளவு அழகு" என்கிறான், இரண்டாவதைப் பார்ப்பவன் "ஐயோ பாவம்" என்கிறான். இரண்டு பேரும் "ஏன் இப்படி?" என்று கேட்பதில்லை. கருத்துப்படத்தின் வேலை அந்த "ஏன்" என்பதைக் கேட்க வைப்பது.

பிள்ளைகளுக்கு: இது எப்படிச் செய்வது?

அதற்குப் பிறகு நானும் தேடிப் படித்தேன், இத்தொழில் செய்பவர்கள் பேசியவற்றைக் கேட்டேன். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 1970 செப்டெம்பர் 21இல் தலையங்கப் பக்கத்துக்கு எதிரே ஒரு கருத்துப் பக்கத்தைத் தொடங்கியது. கட்டுரை சொல்வதையே திரும்ப வரையாமல், தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லும் படங்களுக்கு அந்தப் பக்கம் பெயர் பெற்றது. உலகத்துப் பத்திரிகைகள் பல அந்த வழியில் போயின. வேலையின் ஒழுங்கு கிட்டத்தட்ட இப்படித்தான்:

1. கட்டுரையை இரண்டு முறை வாசிக்க வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்து வரையக்கூடாது.

2. கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வசனத்தில் எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் இன்னும் விளங்கவில்லை, திரும்ப வாசி. தமிழ்ப் பாடத்தில் சுருக்கம் எழுதச் சொன்னால் முணுமுணுக்கிறீர்களே, அது இதற்குத்தான் உதவும்.

3. அந்த வசனத்தில் உள்ள சொற்களுக்குப் பக்கத்தில், கையால் தொடக்கூடிய பொருள்களை எழுது. கடன் என்றால் கொப்பி, கயிறு, கிணறு, கடைக் கதவு. காத்திருத்தல் என்றால் வாங்கு, மணிக்கூடு, ரயில் மேடை. எங்கள் றொசல்ல ஸ்டேசனில் ரயிலுக்குக் காத்திருந்த எவருக்கும் காத்திருத்தலை வரையத் தெரியும்.

4. சம்பந்தமில்லாத இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பார். அட்டையும் சம்பளத் துண்டும், கயிறும் கொப்பிக் கோடும் சேர்ந்தது அப்படித்தான். பத்து சேர்த்தால் ஒன்பது சரிவராது. அது இயல்பு.

5. தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு கிறுக்கல் போடு. முதலில் வருவதை நம்பாதே. முதலில் உனக்கு வருவது எல்லோருக்கும் வந்ததுதான்.

6. அதில் நல்ல மூன்றைக் கொஞ்சம் தெளிவாக வரைந்து ஆசிரியருக்கு அனுப்பு. அவர் ஒன்றைத் தெரிவு செய்த பிறகுதான் முழுப் படம். திருத்தம் கேட்பார்கள், கோபிக்காதே. ஆனால் கருத்தையே மாற்றச் சொன்னால் "ஏன்?" என்று மரியாதையாகக் கேள்.

7. கட்டுரையை வாசிக்காத ஒருவரிடம் படத்தைக் காட்டு. அவருக்கு முழுவதும் விளங்கவும் கூடாது, ஒன்றுமே விளங்காமல் இருக்கவும் கூடாது. "இதில் என்ன இருக்கு, வாசித்துப் பார்ப்போம்" என்று தோன்ற வேண்டும்.

விலை கூடிய நிறங்கள் தேவையில்லை. கறுப்புப் பேனையும் கொப்பித் தாளும் போதும். பேப்பரில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான்.

பத்திரிகைகளுக்கு: ஒரு பேர் போடுங்கள்

இனி, பெரிய இடங்களில் இருப்பவர்களுக்கு.

1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்ப் பேப்பர்களை வாங்கி, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி வந்த சமூகம் இது. உங்கள் பேப்பரில் எங்களைப் பற்றி எழுதும்போது, எங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கேட்டு ஒரு படம் போட முடியாதா?

என்னிடம் படித்து வெளியேறிய ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வார இதழில் கேட்டார்கள் என்று மூன்று இரவு விழித்து வரைந்து அனுப்பினான். படம் வந்தது. பெயர் வரவில்லை. பணமும் வரவில்லை. கேட்டபோது, "உங்களுக்கு இது விளம்பரம்தானே தம்பி" என்றார்களாம். பெயரே போடாமல் என்ன விளம்பரம்? இதழின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. வாசித்தால் அவர்களுக்கே தெரியும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு "ஒரு பேர்" என்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அந்தப் பையனுக்கு அரைப் பேர்கூட விழவில்லை. அவனுடைய அம்மாவுக்கு மலையில் நடப்பது அவனுக்குக் கொழும்பில் நடந்தது.

பெயர் போடுவது தயவு இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தன் படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பது படைத்தவரின் உரிமை. பிள்ளைகளே, வேலையை ஏற்கும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப்பில் என்றாலும் சரி: எவ்வளவு பணம், எப்போது கிடைக்கும், எத்தனை தடவை பாவிப்பார்கள். கேட்டபிறகு வேலை போட்டுவிட்டது படத்தை எடுக்காவிட்டாலும் ஒரு பங்கு கொடுப்பது வெளிநாட்டில் வழக்கம். இங்கேயும் கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் வழக்கம் வரும்.

"இப்போது கம்பியூட்டரே படம் போடுகிறதே, ஆள் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் போட்டுப் பார்த்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்று எழுதினேன். வந்தது என்ன? அதே சிரிப்பு, அதே கூடை. கூடைக்குக் கயிறே இல்லை, முதுகில் தானாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஏற்கெனவே உலகத்தில் உள்ள படங்களைத் தின்றுதான் அது படம் போடுகிறது. நம்மைப் பற்றி உள்ள படமெல்லாம் கூடைப் பெண் என்றால், அதுவும் கூடைப் பெண்ணைத்தான் தரும். கயிறு எங்கே போகிறது என்று யோசிக்க, அந்தக் கயிற்றின் தழும்பை அம்மாவின் தலையில் பார்த்த ஒருவன் வேண்டும்.

பெற்றோருக்கு

"பசிக்கிற வீட்டுக்குப் படம் சோறு போடுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். உடனே போடாது. இதை மட்டும் நம்பிப் படிப்பை விடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் இது ஓர் இடத்தில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை. ஒரு போனும் சிக்னலும் இருந்தால் கொழும்புக்கும் சென்னைக்கும் லண்டனுக்கும் அனுப்பலாம். கொழும்பில் கடையில் நிற்கப் போகும் பிள்ளைகளையும், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, ஊரில் இருந்து செய்யக்கூடிய எந்த வேலையும் சின்ன வேலை இல்லை.

சோற்றை விடுங்கள். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். 200 வருடமாக நம்மை வேறு ஆட்கள்தான் படம் பிடித்தார்கள், வரைந்தார்கள். தேயிலைப் பெட்டியில் ஒட்டினார்கள். இனியாவது நம்மை நாமே வரையலாம்.

ஒரு சின்ன வேண்டுகோள்

இனிமேல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாடசாலை முடிந்த இடத்தில் பிள்ளைகளை வைத்து ஒரு பேப்பர் கட்டுரை வாசித்து, அதற்குப் படம் போடலாம் என்று இருக்கிறேன். அதிபரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். தமிழ், முஸ்லிம், சிங்களம் எந்தப் பிள்ளையும் வரலாம். காசு இல்லை.

எனக்குத் தேவை மூன்றுதான். வீட்டில் கிடக்கும் பழைய பேப்பர், சஞ்சிகைகளைக் கொடுங்கள். ஒரு பக்கம் வெறுமையாக உள்ள தாள்களைக் கொடுங்கள், காரியாலயங்களில் நிறைய இருக்கும். இந்தத் துறையில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒரு நாள் வந்து பேசுங்கள்.

பதிவோடு படம் ஒன்றும் போடவில்லை. அந்தக் கயிற்றுப் படத்தைப் போடத்தான் ஆசை. பையனிடம் கேட்டேன். "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றான். அம்மா சரி என்றால், அடுத்த பதிவில் அவன் பெயரோடு போடுகிறேன்.

— உங்கள் டீச்சர், றொசல்ல